வாசுகியின் இரண்டாம் கட்டம்

ஜூன் 3, திங்கள்

பழைய கோப்பு பெருத்துவிட்டது. எட்டு வருட நாட்குறிப்பு. திறக்கவே அரை நிமிடம் பிடிக்கிறது. அதில் முக்கால்வாசி வளர்மதியைப் பற்றிய புகார் என்பதால் அழித்துவிட்டு இன்று புதுசு தொடங்குகிறேன். பெயர், ‘பழைய ஈபி பில் 2’. அப்படிப் பெயர் வைத்த கோப்பை எவனும் திறக்கமாட்டான்.

ஒரு மனிதன் சொந்த நாட்குறிப்பை ஏன் அலுவலக சர்வரில் ஒளித்து வைக்கிறான் என்றால், கட்டிய மனைவி பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் என்பதால். முன்பெல்லாம் நோட்டில்தான் எழுதினேன். ஒருநாள் திறந்தால் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறாள். ‘இன்று மனசு சரியில்லை’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில், ‘படிநிலை காட்டவில்லை. அரை மதிப்பெண்’. அன்றைக்கு மூடியதுதான் நோட்டு. மாலைசூடி திருமணத் தகவல் மையத்தின் தொழில்நுட்பத் தலைவன் நான். சர்வரின் சாவி என் ஒருவனிடம்தான் இருக்கிறது. மதுரையில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

இன்று ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் முதலாளி முத்திருளப்பன் இணையதளம் வருவதற்கு முன் முப்பது வருடம் கல்யாணத் தரகராக இருந்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மெயில், நோட்டீஸ், கடிதம் எது வந்தாலும் ‘கிருபாகிட்ட குடு’ என்பார். அவர் படிப்பது ஜாதகம் ஒன்றுதான். தளத்தில் புதிதாக ஏறும் ஒவ்வொரு ஜாதகத்தையும் காலையில் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒன்றைப் பிள்ளையார் முன்னால் வைத்துப் பூதக்கண்ணாடியால் படிப்பார். இன்னொன்று அந்த வீட்டாருக்கு அன்றே கூரியரில் போய்விடும். ஏற்றியவர் தன் ஜாதகத்தைத் தளத்தில் உடனே பார்க்கலாம்; மற்றவர்களுக்கு அவர் மஞ்சள் வைத்த பிறகுதான் தெரியும்.

“ஏப்பா கிருபா, இங்கிட்டு வா. இந்தப் புள்ளைக்கு ஏழாம் எடத்துல என்னமோ உக்காந்துருக்கே. என்ன கெரகம்யா இது?”

பெயர் வாசுகி. வயது இருபத்தேழு. எம்.காம். கணவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஏழாம் கட்டத்தில் சுக்கிரனும் இல்லை, செவ்வாயும் இல்லை. ‘ரூட், எக்ஸ், பூஜ்யம், பூஜ்யம்’ என்று தொடங்கி முப்பது வரி இருந்தது. அது எங்கள் சர்வரில் உள்ள பயனர்களின் பட்டியல். கடைசி வரியில் என் பெயர் இருந்தது, தாளின் நாலு மூலையிலும் மஞ்சளோடு மங்களகரமாக.

“பிரிண்டர் கோளாறு முதலாளி.”

“பிரிண்டருக்கு இம்புட்டு ஒழுங்காக் கோளாறு வருமா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

என் மேசை மறுபடியும் ஆடுகிறது. காலுக்கடியில் மடித்து வைத்த தாள் நகர்ந்திருந்தது. செருப்பால் தள்ளிச் சரிசெய்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

‘ரூட்’ என்றால் குருவுக்கு வடநாட்டில் சொல்லும் பெயர் என்று முதலாளி முடிவுகட்டி, நேற்று அவரே போன் போட்டுச் சொன்னதில் வாசுகியை மூன்று வீட்டார் கேட்கிறார்கள்.

ஜூன் 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். நான் கண்டுபிடிக்காமல் யார் கண்டுபிடிப்பார்கள்?

ஜாதக மென்பொருள் வைத்திருக்கும் ஜோசியர்கள் எங்களுக்கு எக்ஸ்எம்எல் கோப்பாக ஜாதகத்தை அனுப்புவார்கள். அந்தக் கோப்பின் தலையில் சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம் இருக்கும். ‘சூ என்று வந்தால் சூரியன் என்று போட்டுக்கொள், செ என்று வந்தால் செவ்வாய் என்று போட்டுக்கொள்.’ எங்கள் தளம் பிஎச்பி மொழியில் எழுதியது. அது கோப்பை வாசித்துக்கொண்டே போய், சொன்னபடி மாற்றிப் போடும். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கும். சிக்கலும் அதில்தான். எவனோ ஒரு போக்கிரி கோப்பின் தலையில், ‘ஏழாம் கட்டம் வந்தால் இந்த சர்வரில் இன்ன இடத்தில் இருக்கும் கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் போட்டுக்கொள்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறான். பிஎச்பியும் சரிங்க என்று போய் எடுத்து வந்து போட்டிருக்கிறது.

சாதாரணமாகப் பிஎச்பி இதைச் செய்யாது. செய் என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால்தான் செய்யும். தேடிப் பார்த்தால் நம் நிரலில் அந்த வார்த்தை இருக்கிறது. தாழ்ப்பாள் என்று நினைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வரியை எழுதிய அறிவாளி யார் என்று பதிவேட்டைப் புரட்டினேன். எட்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதியது. அந்தக் காலத்தில் இந்த அலுவலகத்தில் முதலாளி, நான், வாட்ச்மேன் சங்கிலி ஆகிய மூன்று பேர்தான் இருந்தோம். யாரோ எழுதியிருக்கிறார்கள். அதை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது?

நேற்று சாயங்காலம் வளர்மதி கேரட் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிப் போனேன். பீன்ஸ்தான் சொன்னாளாம்.

ஜூன் 6, வியாழன்

வாசுகியின் ஜாதகம் திருத்தப்பட்டு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எட்டாம் கட்டத்தில் எங்கள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்.

நான் வருவதற்குள் அது மஞ்சள் தடவி, பிள்ளையார் முன்னால் இருந்து, ‘அம்சமான வரன்கள்’ பலகையில் ஊசி குத்தி மாட்டப்பட்டிருந்தது. பால்காரர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிய்த்தேன். கூரியர் பையிலிருந்த பிரதியையும் பிடுங்கினேன். திங்கள்கிழமை கூரியரில் போன பிரதி ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது, ‘இப்படி ஒரு தெருவே இல்லை’ என்ற குறிப்போடு. கடவுச்சொல்லை உடனே மாற்றினேன். அது இருந்த கோப்பையே சர்வரை விட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். நாற்பதாயிரம் குடும்பங்களின் போன் நம்பர், பிறந்த நேரம், சொல்லக்கூடாத முதல் கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

இனி பிரிண்டர் மேல் பழி போட முடியாது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“நம்மள நம்பித்தானப்பா பொட்டப்புள்ள சாதகத்தைக் குடுக்குறாக. யாரு பாத்த வேலை இது? கதவைத் தொறந்து போட்டது யாரு?”

“அது வந்து முதலாளி... ஜெசிந்தா இங்க இருந்தப்ப...”

“அந்தப் புள்ளையா? போன வருசம் வேலைய விட்டுப் போச்சே அதா? நல்ல புள்ளைன்னு நெனச்சேனேய்யா!”

ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தேன், முடித்தது அவர்.

ஜூன் 7, வெள்ளி

அந்த வார்த்தையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஓட்டை அடைபட்டது. கூடவே ஜோசியர்கள் கோப்பாக அனுப்பிய எல்லா ஜாதகங்களிலிருந்தும் கிரகங்கள் காணாமல் போய்விட்டன. ‘சூ’வைச் சூரியனாக்குவதும் அதே வார்த்தைதானாம். ஆறாயிரம் பேர் கிரகமே இல்லாமல் அரை மணி நேரம் இருந்தார்கள்.

“கெட்ட கெரகம் பாத்துருக்கேன், கெரகமே இல்லாத சாதகத்தை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!” என்று முதலாளி கூச்சல் போட்டதும் திரும்ப வைத்துவிட்டேன். வேறு வழி யோசிக்க வேண்டும்.

ஜூன் 8, சனி

சென்னையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து முதலாளிக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. ஜெசிந்தாவுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதி சேர வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறார்களாம். ‘இவர் வேலையில் கவனக்குறைவு உண்டா? இவரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா?’ பதினான்காம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும்.

“இதை நானே என் கையால எழுதுறேன்” என்றார் முதலாளி. எந்தப் படிவத்தையும் எட்டிப் பார்க்காதவர், இதை மட்டும் பிள்ளையார் மாடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார். “கவனக்குறைவு உண்டான்னு கேக்குறான். உண்டுன்னு எழுதணும். அடுத்தவன் வீட்டையும் தொறந்து போட்டுட்டா பாவமில்லையா?”

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது.

ஜெசிந்தா கெட்டிக்காரி. இந்த வேலை போனாலும் வேறு கிடைக்காதா? கிடைக்கும். கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

இதை எழுதும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

காலையில் வாசுகி மூன்றாம் முறை வந்தாள். இந்தத் தடவை இரண்டாம் கட்டம். ஜோசியத்தில் அது வாக்கு ஸ்தானம். ஒருவர் பேசும் பேச்சு மெய்யா பொய்யா என்று அங்கேதான் பார்ப்பார்களாம். பிரிண்டரிலிருந்து தாள் மேல் தாளாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘நேற்று சாயங்காலம் வளர்மதி கேரட் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிப் போனேன். பீன்ஸ்தான் சொன்னாளாம்.’

என் நாட்குறிப்பு! முழுசாக!

முதலாளி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவதற்குள் அத்தனை தாளையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். “என்னப்பா, வயிறு திடீர்னு பெருத்துருக்கு?” என்றார். காலை இட்லி என்றேன்.

ஆக, யாரோ இதைப் படிக்கிறார்கள். படிக்கும் அன்பருக்கு வணக்கம். பொதுவாக நான் மிகவும் நேர்மையானவன் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். சக ஊழியர்களிடம் எப்போதும் அன்பாகவே நடந்திருக்கிறேன். கேரட்டைப் பொறுத்தவரை அவள் கேரட் என்றுதான் சொன்னாள்.

ஜூன் 11, செவ்வாய்

வாசுகியின் விவரப் பக்கத்தில் ‘எதிர்பார்ப்புகள்’ என்ற இடம் நேற்று வரை காலியாக இருந்தது. இன்று இரண்டு வரி இருக்கிறது. ‘ஆரம்பித்த வாக்கியத்தைத் தானே முடிக்கும் மணமகன் தேவை. மேசைக் காலுக்கடியில் பார்க்கவும்.’

முதலாளி டீ குடிக்க இறங்கியதும் தரையில் உட்கார்ந்து மேசையைத் தூக்கித் தாளை உருவினேன். எட்டாக மடித்த தாள். விரித்தால் ஜெசிந்தாவின் குண்டுக் கையெழுத்து. தேதி, போன வருடம் மார்ச். ‘அண்ணே, ஜாதகக் கோப்பு வழியாக சர்வரில் இருக்கும் எதையும் வெளியாட்கள் படிக்கலாம். கீழே உள்ள ஒரு வரியைச் சேர்த்தால் போதும். வெளிக் கோப்பு எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடும். சுருக்கெழுத்துக்கு ஒன்றும் ஆகாது. கிரகங்கள் பத்திரமாக இருக்கும். தயவுசெய்து இந்த வாரமே செய்யுங்கள்.’ அடியில் அந்த ஒரு வரி. இரண்டு முறை கோடு போட்டிருந்தாள்.

நான்கு நாளாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் பதினைந்து மாதமாக என் காலடியில் இருந்திருக்கிறது. அப்போது அவளிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. ‘படிச்சுட்டு வந்த புதுசுல எல்லாரும் இப்படித்தான் பயமுறுத்துவீங்க’ என்றேன். அன்றைக்குத்தான் மேசையும் ஆடியது.

வெட்கமாக இருக்கிறது. இதை மட்டும் எழுதிவிட்டு இந்தக் கோப்பைப் பூட்டப்போகிறேன். எக்ஸ்எம்எல்லுக்கு ஒரு குறி ஆகாது. கணக்கில் ‘இதைவிட இது சிறியது’ என்று காட்ட ஒரு குறி போடுவோமே, அதுதான். இழுத்துவரும் கோப்புக்குள் தனியாக அது ஒன்று இருந்தால் போதும், பிஎச்பி குழம்பிப்போய் மொத்தத்தையும் கீழே போட்டுவிடும். வளர்மதி ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதிய குறி. இன்று அவள் புருஷனைக் காப்பாற்றப் போகிறது. முதல் வரியில் ஒன்று போட்டுவிட்டேன். இனி வாசுகியால் படிக்க முடியாது.

ஜூன் 12, புதன்

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

“அண்ணே! அதிசயமா இருக்கே. சௌக்கியமா? மதினி நல்லா இருக்காகளா?”

“வாசுகி யாரு, ஜெசிந்தா?”

“மூணு வீட்டுல கேக்குறாகளாம்ல. எனக்குக்கூட இம்புட்டு வரன் வந்ததில்லண்ணே.”

“வெளையாடாத. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“வாயால சொன்னேன். மெயில்ல சொன்னேன். பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், அது எங்க இருந்துச்சுன்னு ஒங்களுக்கே தெரியும். முதலாளிகிட்ட போனா கிருபாகிட்ட குடும்மாங்குறாரு. போன மாசம் சும்மா பாத்தேன், ஓட்டை அப்படியே இருக்கு. எங்க அக்கா சாதகமும் உள்ள கெடக்குண்ணே. முதலாளி படிக்கிறது சாதகம் ஒண்ணுதான. அதான் சாதகத்துல எழுதி அனுப்புனேன்.”

குடும்பங்களின் விவரம் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தாள். நம்புகிறேன். அப்படியானால் என் நாட்குறிப்பு?

“சர்வர்ல எடம் பத்தலைன்னு என்னையத்தான சுத்தம் பண்ணச் சொன்னீங்க? தெனம் மூணரை மணிக்கு டீ குடிச்சதும் வளருற ஈபி பில்ல அப்பவே பாத்துட்டேன். தொறக்கலைண்ணே. கடவுச்சொல்லு போட்டும் நீங்க அசையலைன்னதும் ஞாயித்துக்கெழமதான் கேட்டுப் பாத்தேன். பழசு இல்லைன்னு வந்துச்சு. ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுதானன்னு போட்டேன், கொட்டிருச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அதுல என் பேர்ல பாதி வாக்கியம் இருந்துச்சு. மிச்சத்தை எப்பண்ணே எழுதப்போறீங்க?”

ஆடுகிற மேசையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

“பெட்டி கட்டியாச்சுண்ணே. அம்மா தெருவுல ஒரு வீடு விடாமச் சொல்லிருச்சு. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு அந்தக் காயிதம் போகணும். நான் முதலாளிகிட்ட பேச மாட்டேன். பேசுனா தப்பிக்கப் பாக்குறேன்னுதான் நெனப்பாரு. நீங்க பேசுனாத்தான் உண்டு. வச்சுர்றேன்.”

ஜூன் 13, வியாழன்

அந்த ஒரு வரியை என் கம்ப்யூட்டரில் சேர்த்து, ஆறாயிரம் பழைய ஜாதகங்களையும் ஓட்டிப் பார்த்தேன். காலை முதல் நாலு மணி வரை ஓடியது. ஒரு கிரகம்கூடத் தொலையவில்லை. நாளைக் காலை சர்வரில் ஏற்றிவிடலாம்.

முதலாளியிடம் இன்று மூன்று முறை பேசப் போனேன்.

பதினோரு மணிக்கு, “முதலாளி, அந்தக் கதவு விஷயம்” என்று ஆரம்பித்தேன். உடனே தச்சரைக் கூப்பிட்டு வாசல் கதவைக் காட்டினார். அது உண்மையிலேயே உரசத்தான் செய்கிறது.

ஒரு மணிக்கு, “எட்டு வருஷத்துக்கு முன்னாடி” என்று ஆரம்பித்தேன். “ஆமாப்பா, எட்டு வருசம்! நீ சேர்ந்த நாள்ல இருந்து ஒரு தப்பு பண்ணுனது கெடையாது. நீ இருக்கப் போய்த்தான் நான் நிம்மதியா சாதகம் படிக்கிறேன்” என்று தோளில் தட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு நேராகப் போய் நின்றேன். “என்னப்பா, லீவு வேணுமா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அரை நாள் கிடைத்திருக்கிறது.

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்கூட இல்லை இது. அந்த மனுஷன் தோளில் தட்டுவது நின்றுவிடும் என்பதுதான் பயம். ஜெசிந்தாவின் பெட்டி கட்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரியது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூன் 14, வெள்ளி, காலை 8.40

அலுவலகத்தில் நான் மட்டும்தான். ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. அடைப்பதற்கு முன் கடைசியாக ஒருவர் அதில் நுழையப்போகிறார்.

அந்த வரியை எழுதியவன் நான். எட்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கத்தைப் பாதி படித்துவிட்டு, பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டேன். ஜெசிந்தா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு வந்து, பார்த்து, மூன்று முறை சொன்னாள். அவள் எழுதிக் கொடுத்த தாளை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். போன வியாழக்கிழமை நான் ஆரம்பித்த வாக்கியத்தின் மிச்சம் இதுதான்: ஜெசிந்தா இங்க இருந்தப்ப, இதை அடைக்கச் சொன்னா முதலாளி, நான்தான் கேக்கலை.

வாயால் வரவில்லை. முதலாளி ஜாதகம் ஒன்றுதான் படிப்பார். ஆகவே என் ஜாதகத்தை இப்போது தளத்தில் ஏற்றுகிறேன். மணமகன் பெயர் கிருபாகரன். இரண்டாம் கட்டத்துக்கு, ‘பழைய ஈபி பில் 2’ என்ற கோப்பில் இருப்பதைப் போட்டுக்கொள்.

முதல் வரியில் பூட்டாகப் போட்ட குறியை அழித்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம் 5.20

இரண்டாம் கட்டம் மட்டும் பதினோரு பக்கத்துக்கு நீண்டது. பிரதிக்கு நாற்பத்து நான்கு மூலை, அத்தனைக்கும் முதலாளி பொறுமையாக மஞ்சள் தடவினார். பிள்ளையார் முன்னால் வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்குள் நான் ஜெசிந்தாவின் வரியை சர்வரில் ஏற்றி, ஓட்டையை அடைத்துவிட்டு, இருக்கைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பன்னிரண்டு மணி வரை படித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார், கேரட்டாக இருக்கலாம். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கூப்பிட்டார்.

“உக்காரு. ஒன் சாதகத்துல வாக்கு ஸ்தானம் ரொம்ப நாளா மறைஞ்சு கெடந்துருக்கு. இன்னைக்குத்தான் திசை மாறிருக்கு.”

“முதலாளி, நான்...”

“வாய வச்சுக்கிட்டு மறுபடி ஆரம்பிக்காத. எழுதுனது போதும். அந்தப் பேப்பரை எடு.”

ஜெசிந்தாவின் தாளைக் கொடுத்தேன். செருப்புத் தடம் பதிந்திருந்த அந்தத் தாளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார். பிறகு மாடத்திலிருந்து படிவத்தை எடுத்து, அவர் கையாலேயே எழுதினார். ‘கவனக்குறைவு உண்டா?’ என்ற இடத்தில், ‘அது எங்களிடம்தான் இருந்தது’. ‘மீண்டும் எடுத்துக்கொள்வீர்களா?’ என்ற இடத்தில், ‘அவர் வருவாரா என்று கேட்டுச் சொல்லவும்’. இரண்டு மணிக்கெல்லாம் மெயிலில் அனுப்பினேன். அவரே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, “தாயி, ஒன்னைய ஒரு வாரம் தப்பா நெனச்சுட்டேன்மா” என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தண்டனை வேறு. வாசுகியைக் கேட்ட மூன்று வீட்டாருக்கும் நானே போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டு வீட்டார் திட்டினார்கள். மூன்றாவது வீட்டு அம்மா, “பொண்ணு இல்லைன்னா பரவால்ல தம்பி, அந்த சாதகம் எழுதுன பொண்ணுக்கு ஆயிருச்சா?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் கூரியர் பை காலியாக இருப்பதைப் பார்த்தேன். புது ஜாதகம் என்றால் இரண்டு பிரதி. ஒன்று பிள்ளையாருக்கு. இன்னொன்று வீட்டாருக்கு, அன்றே. மணமகன் கிருபாகரனின் வீட்டு முகவரியை நான்தான் காலையில் தட்டச்சு செய்தேன்.

வளர்மதிக்கு இன்று பள்ளிக்கூடம் மூன்றரைக்கே விட்டுவிடும்.

ஜூன் 15, சனி

இதை நோட்டில் எழுதுகிறேன். வளர்மதி வாங்கிக் கொடுத்தது. வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுத வேண்டுமாம், திருத்துவதற்கு வசதியாக.

நேற்று வீட்டுக்குப் போனபோது அவள் சாப்பாட்டு மேசையில் பதினோரு தாளையும் வரிசையாக அடுக்கிவைத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“ஒங்களுக்கு வரன் பாக்குறாகன்னு கூரியர்காரன் கொண்டாந்து குடுத்தான். கையெழுத்துப் போட்டு வாங்குனேன். பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். தாள்களை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். பீன்ஸ் பொரியல் வாசனை வந்தது.

ஒரு பக்கம் விடவில்லை. ‘மதுரையில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது’ என்பதற்கு முன்னால் பெரிய பெருக்கல் குறி. கேரட்டுக்கு எதிரே, ‘பீன்ஸ்’. ‘நான் பொய் சொல்லவில்லை’ என்பதற்குப் பக்கத்தில், ‘படிநிலை காட்டவில்லை’. ஐந்தாம் தேதிப் பக்கத்தில் ‘யாரோ எழுதியது’ என்று இருந்ததில் யாரோவை அடித்துவிட்டு மேலே சிவப்பில் ‘நான்’ என்று எழுதியிருந்தாள். சிறிது தள்ளி இன்னொரு யாரோ. அதற்கு மேலும் ‘நான்’. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ‘அந்த வரியை எழுதியவன் நான்.’ அந்தப் பக்கத்தில் அடித்தல் எதுவும் இல்லை. அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், சின்னதாக ஒரு டிக் மட்டும் இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் எனக்கு விழுந்த முதல் டிக். மஞ்சள் விரலில் ஒட்டாமல் அதை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனேன்.